கழுத்துக் கட்டியும் மூன்று அரியரும்: இனி எம்.பி.பி.எஸ். எனக்கு உண்டா?

தேயிலைக்காட்டுப் பெண் (இழையைத் தொடங்கியவர்) – ஞாயிறு, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரியைத் தாண்டி, பஸ் கடைசியாக வந்து திரும்பிப் போகும் ஊர் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் பச்சைத் தேயிலை பறித்துத் தொழிற்சாலைக்குப் போடுகிறார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தேன். பிளஸ் டூ முடித்த ஆண்டே நீட் எழுதினேன். 720-க்கு 304. இடம் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மா உட்கார வேண்டாம் என்று பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்தேன். முதல் ஆண்டு முடிவில் சி.ஜி.பி.ஏ. 8.1.

போன ஆண்டு ஜூலையில், மூன்றாவது செமஸ்டர் தொடங்கியபோது, வலது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. சளிக்கட்டு என்று அம்மா சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துத் தடவினார். ஆகஸ்டில் தினமும் சாயங்காலம் காய்ச்சல். கம்பளிக்குள் வேர்த்துக் கொட்டியது. எங்கள் ஊர்க் குளிரில் யாருக்கு வேர்க்கும்? கடைசியில் கண்டமாலை என்றார்கள், அதாவது நெறிகட்டியில் காசநோய். ஆறு மாதம் மாத்திரை. ஊரில் தெரியக்கூடாது என்று மேட்டுப்பாளையத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம். கல்லூரியில் சொன்னது டைபாய்டு. பத்து நாள் விடுப்புக்கு ஒரே ஒரு மருத்துவச் சான்றிதழ் கொடுத்தேன், அவ்வளவுதான்.

வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு 6.40 பஸ் ஏறினால் மூன்றாவது வளைவிலேயே குமட்டல் வந்துவிடும். பாதி நாள் வழியில் இறங்கித் திரும்பிவிடுவேன். வருகை குறைந்தது. கண்டொனேஷன் கட்டணம், அதாவது வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளும் கட்டணம், கட்டித்தான் தேர்வு எழுத விட்டார்கள். மூன்று தாள் போய்விட்டது. இப்போது சி.ஜி.பி.ஏ. 6.3. மார்ச்சோடு மாத்திரை முடிந்தது, உடம்பு நன்றாக இருக்கிறது. ஐந்தாவது செமஸ்டர் நடக்கிறது.

மீண்டும் நீட் எழுத ஆசை. இந்த அரியர்கள் மருத்துவப் படிப்புக்குக் குறுக்கே வருமா? அமெரிக்காவில் இருக்கும் மாமா, "டிகிரியை முடி, இங்கே வந்து மெடிக்கல் படிக்கலாம்" என்கிறார். அங்கே இந்த மதிப்பெண்களை என்னவென்று பார்ப்பார்கள்? நோயைப் பற்றி எங்காவது எழுத வேண்டுமா, மறைத்தது மறைத்ததாகவே இருக்கட்டுமா?

---

கட்டபெட்டு – ஞாயிறு, இரவு 9.32

தங்கச்சி, முதல் கேள்விக்கு ஒரே வரிதான் பதில். தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். தரவரிசைப் பட்டியல் நீட் மதிப்பெண்ணை வைத்துத்தான் போடுகிறார்கள். உங்கள் பி.எஸ்சி.யில் எத்தனை அரியர் என்று பட்டியல் போடுகிறவர் பார்ப்பதே இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியலில் வேண்டிய விழுக்காடு இருந்தால் போதும். வயது உச்சவரம்பும் 2022-லேயே போய்விட்டது. நான் மூன்று முறை எழுதியவன், இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். (மூன்று முறையும் கிடைக்கவில்லை. இப்போது அப்பாவோடு தோட்டத்தில் இருக்கிறேன், வருத்தமில்லை.)

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறதே, 2020-இல் வந்தது, அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்றை இப்போதே பள்ளியில் வாங்கி வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் தலைமையாசிரியரைத் தேடி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. நீட் பெரும்பாலும் மே முதல் ஞாயிறு. உங்கள் ஆறாவது செமஸ்டர் தேர்வு ஏப்ரலில். இரண்டும் முட்டிக்கொள்ளும். பழைய அரியர் மூன்றையும் ஏப்ரல் வரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

---

ஓய்வுபெற்ற விலங்கியலார் – ஞாயிறு, இரவு 10.15

முப்பத்தோரு ஆண்டு கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன். கட்டபெட்டுத் தம்பி சொன்னது சரி, ஆனால் பாதிதான். நீட் கிடைத்தால் பி.எஸ்சி. மதிப்பெண்ணை யாரும் கேட்க மாட்டார்கள். கிடைக்காவிட்டால்? எம்.எஸ்சி.க்கும், மருத்துவமனை ஆய்வகம் சார்ந்த மேற்படிப்புகளுக்கும், ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் அந்த 6.3தான் உங்கள் முகம். கதவு ஒன்றுதான் என்று நினைத்து மற்றதை இடித்துவிடாதீர்கள்.

அரியரைப் பற்றி ஒரு பயம் எல்லா மாணவர்களுக்கும் உண்டு, மதிப்பெண் பட்டியலில் சிவப்பு மையில் எழுதிவிடுவார்கள் என்பது போல. அப்படி இல்லை. தேர்ச்சி பெற்ற மாதமும் ஆண்டும் இருக்கும். விவரம் தெரிந்தவர் அதைப் பார்த்தே இரண்டாம் முயற்சி என்று புரிந்துகொள்வார். பல்கலைக்கழக ரேங்க் போய்விடும், டிஸ்டிங்ஷன் போய்விடும். முதல் வகுப்பு போகவேண்டும் என்பதில்லை. நவம்பரில் மூன்றையும் எழுதி முடித்தால் சி.ஜி.பி.ஏ. ஏறிவிடும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கண்டொனேஷனுக்கு மருத்துவச் சான்றிதழ் வைத்தாக வேண்டும். உங்கள் கோப்பில் டைபாய்டு என்று ஒரு தாள் இருக்கிறது. உண்மையில் இருந்தது காசநோய். நாளை எங்காவது "இந்தச் செமஸ்டரில் என்ன ஆயிற்று" என்று கேட்டால், எந்த நோயைச் சொல்வீர்கள்? எது சொன்னாலும் மற்றொரு தாள் உங்களைப் பொய்யாக்கும். மூன்று அரியரைவிட அந்த ஒரு தாள்தான் கனம்.

---

தேயிலைக்காட்டுப் பெண் – திங்கள், காலை 6.05

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். டைபாய்டு என்பது நான் இட்டுக்கட்டியது இல்லை. ஆகஸ்டில் முதலில் பார்த்த டாக்டர் இரத்தம் எடுத்து, விடால் சோதனையில் டைபாய்டு என்றுதான் சொன்னார். அதற்குத்தான் பத்து நாள் சான்றிதழ். கட்டியில் ஊசியால் எடுத்துச் சோதித்தது செப்டம்பரில். அதற்குப் பிறகு கல்லூரியில் நான் வாயே திறக்கவில்லை.

---

மஞ்சூர்க்காரி – திங்கள், காலை 7.48

கண்ணு, இவர்கள் எல்லாம் ஆண்கள், படிப்பைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். நான் ஊரைப் பற்றிப் பேசுகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒருவர் இருமினால் அடுத்த ஊர்க் கடையில் டம்ளரைத் தனியாக எடுத்து வைப்பார்கள். நாளைக்கு உனக்கு வரன் பார்க்க வேண்டும். உடம்பு சரியாகிவிட்டது, மாத்திரை முடிந்துவிட்டது. யாரும் கேட்காத கேள்விக்கு நீ ஏன் போய்ப் பதில் சொல்ல வேண்டும்? அரியரை எழுது, பாஸ் ஆகு, பேசாமல் இரு.

---

கூடலூர்ச் செவிலி – திங்கள், மதியம் 1.20

மதிய உணவு இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினான்கு ஆண்டாக வேலை.

முதலில் விலங்கியல் ஐயாவுக்கு. விடால் சோதனையை மட்டும் வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டுவது நம் நாட்டில் அன்றாடம் நடக்கிற கதை. வேறு காய்ச்சலிலும் அது ஏமாற்றிக் காட்டும். ஆகவே அந்தப் பத்து நாள் சான்றிதழ் பொய் அல்ல, ஒரு டாக்டரின் முதல் கணிப்பு. கணிப்பு மாறியதைக் கல்லூரிக்குச் சொல்லவில்லை, குறை அவ்வளவுதான். சிகிச்சைத் தாளைத் துறைத்தலைவரிடம் கொடுத்து அதைச் சரிசெய்யலாம்.

இனி தங்கைக்கு. தனியாரிடம் பார்த்ததால் தாளே இல்லை என்று நினைக்கிறாய் போலிருக்கிறது. இருக்கிறது. 2012-இலிருந்து காசநோயைக் கண்டுபிடித்தால் தனியார் மருத்துவரும் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவித்தால் நி-க்ஷய் என்ற அரசு இணையதளத்தில் உன் பெயரில் ஓர் எண் விழும். சிகிச்சை தொடங்கிய தேதி, முடிந்த தேதி, முடிவு என்ன, எல்லாம் அதில் இருக்கும். அந்த மேட்டுப்பாளையத்து டாக்டர் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகலும் கேட்டாரா என்று அம்மாவிடம் விசாரி. கேட்டிருந்தால் பதிவு நடந்திருக்கிறது என்று பொருள். சத்துணவுக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. மூவாயிரமாகச் சேர்த்துப் போடுவார்கள். பாஸ் புத்தகத்தைப் பதிவு போட்டுப் பார்.

மஞ்சூர் அக்காவுக்கு: நெறிகட்டியில் வந்த காசநோய் இருமலில் அடுத்தவருக்குப் பரவுவது இல்லை. டம்ளரைத் தனியாக வைப்பவர்களிடம் அதைச் சொல்லுங்கள். வரன் கவலை எனக்கும் புரிகிறது, எனக்கும் இரண்டு பெண்கள். ஆனால் துறைத்தலைவரிடம் கொடுக்கிற தாள் ஊர்க் கடைக்கு வராது.

---

மஞ்சூர்க்காரி – திங்கள், மதியம் 2.02

அந்தப் பிள்ளையின் கல்லூரி அலுவலகத்தில் எங்கள் ஊர்க்காரர் யாரும் வேலை பார்க்கவில்லை என்றால் வராது. பார்த்தால் நான் சொன்னதுதான் நடக்கும்.

---

அரவங்காட்டான் – செவ்வாய், அதிகாலை 4.30 (இங்கே திங்கள் மாலை)

அப்பா கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், அரவங்காட்டுக் குடியிருப்பில்தான் வளர்ந்தேன். இருபத்திரண்டு ஆண்டாக அமெரிக்காவில். மாமா சொன்ன வழியைப் பற்றி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன், என் மகள் அதே பாதையில் அடிபட்டு நடந்தவள்.

இங்கே பிளஸ் டூ முடித்து நேராக மருத்துவம் இல்லை. நான்கு ஆண்டு இளநிலை, பிறகு எம்கேட் தேர்வு (472-இலிருந்து 528 வரை மதிப்பெண்), பிறகு விண்ணப்பம். பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு ஒரே பொது விண்ணப்பம்தான், ஆம்காஸ் என்று பெயர். இளநிலையின் ஒவ்வொரு பாடமும் அதில் ஏறும். நம் ஊரில் அரியர் முடித்தால் பழையது மறந்துபோகும். இங்கே தோற்ற மதிப்பெண்ணும் மீண்டும் எழுதியதும் இரண்டும் சராசரியில் சேரும்.

என் மகளுக்கு இரண்டாம் ஆண்டில் சுரப்பிக் காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியாமல் ஏழு வாரம் படுத்திருந்தாள். வேதியியல் பாடத்தை விடாப்பிடியாகத் தொடர்ந்து சி கிரேடு வாங்கினாள். இன்னொரு பாடத்தில் டீன் அலுவலகத்தில் சொல்லி விலகிக்கொண்டாள், அதற்கு டபிள்யூ என்று மட்டும் விழும், சராசரியில் சேராது. விண்ணப்பிக்கும்போது எங்களைப் பாடாய்ப்படுத்தியது அந்த சி தான். டபிள்யூவைப் பற்றி நேர்காணலில் ஒருவர் கேட்டார், "உடம்பு சரியில்லை, விடுப்பு எடுத்தேன், அடுத்த ஆண்டு எடுத்து முடித்தேன்" என்றாள், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். அன்றே டீன் அலுவலகத்தில் சொல்லியிருந்ததால் அவளிடம் கடிதம் இருந்தது. இந்த இழையில் நான் சொல்ல வேண்டியது இதுதான்: நோய் வந்த அன்றைக்குப் பதிவு செய்தால் அது காரணம். இரண்டு ஆண்டு கழித்துச் சொன்னால் சாக்கு.

விண்ணப்பத்தில் எழுதும்போது நோயைப் பற்றி நான்கு வரிக்கு மேல் எழுதாதே என்று அவளுடைய ஆலோசகர் அடித்துத் திருத்தினார். மருத்துவமனை வாசனையெல்லாம் வேண்டாம், அதற்குப் பிந்தைய மூன்று செமஸ்டர் மதிப்பெண்ணே பேசட்டும் என்றார். சரியாகத்தான் சொன்னார்.

இப்போது கசப்பான பகுதி. மாமா அன்பில் சொல்கிறார், ஆனால் கணக்குப் பார்க்கவில்லை. இந்தியப் பல்கலைக்கழக மதிப்பெண்ணை ஆம்காஸ் சராசரியாகக் கணக்கிடாது. அதனால் உங்கள் 6.3 அங்கே குறையாகவும் ஆகாது, 8.1 நிறைவாகவும் ஆகாது. பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த பாடங்களைக் கேட்கும். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகளும் குறைவு, கடன் வசதியும் குறைவு. பச்சைத் தேயிலை விலையை நம்பி இருக்கும் வீடு இதற்குள் கால் வைப்பதற்கு முன், மாமா எந்தக் கல்லூரி, எவ்வளவு பணம், யார் கையெழுத்துப் போடுவது என்று மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கொடுக்கட்டும்.

---

கட்டபெட்டு – செவ்வாய், காலை 8.11

பச்சைத் தேயிலை விலையைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள் அண்ணா, ஆயிரம் மறுமொழி வரும்.

---

மூன்றாமாண்டு – செவ்வாய், இரவு 11.40

நான் அரசு மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. சொந்த ஊர் பந்தலூர். எல்லோரும் உள்ளே நுழைவதைப் பற்றியே பேசுகிறீர்கள். உள்ளே போன பிறகு உடம்பு படுத்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள் அக்கா.

முதல் ஆண்டில் தீபாவளிக்கு ஊருக்கு வந்து, தோட்டத்தில் புதர் வெட்டிவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பினேன். பத்து நாளில் காய்ச்சல். தலை பிளக்கும் வலி. டெங்கு இல்லை, மலேரியா இல்லை. விடுதிக்காரன் என்பதால் எல்லோரும் வைரஸ் என்றார்கள். ஆறாவது நாள் வார்டில் ஒரு செவிலி அக்கா, சட்டையைத் தூக்கு என்று சொல்லி, இடுப்பில் பெல்ட் படும் இடத்தில் ஒரு பொருக்கைக் காட்டினார். சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்து, ஓரம் மட்டும் சிவந்து, வலியே இல்லாமல். உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சு கடிப்பதால் வருவது. டாக்ஸிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. மலையில் பிறந்தவன், மருத்துவம் படிப்பவன், என் இடுப்பை நானே பார்க்கவில்லை.

மூன்று வாரம் உடற்கூறு வகுப்பு போயிற்று. எழுத்துப் பாடத்தில் 75 விழுக்காடு, செய்முறையில் 80 விழுக்காடு வருகை வேண்டும். செய்முறையில்தான் மாட்டினேன். துறைத்தலைவரிடம் வார்டு டிஸ்சார்ஜ் தாளோடு போய் நின்றேன். விடுமுறையில் கூடுதல் வகுப்புப் போட்டு ஈடுகட்ட விட்டார். முதல் தேர்வில் உடற்கூறு போயிற்று, துணைத்தேர்வில் தேறினேன். முதலாம் ஆண்டுத் தேர்வுக்கு நான்கு வாய்ப்புத்தான், மொத்தப் படிப்பை ஒன்பது ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். அந்தக் கயிறு எப்போதும் கழுத்தில் இருக்கும். இன்று வார்டில் என்னை யாரும் துணைத்தேர்வுக்காரன் என்று கூப்பிடுவதில்லை. முதுநிலைக்கும் நீட்தான், எம்.பி.பி.எஸ். மதிப்பெண் அதில் சேராது.

உங்கள் அனுபவத்தில் எனக்கு உறைத்தது, ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரையை முடித்தீர்களே, அதுதான். பாதியில் விட்டவர்களை வார்டில் பார்க்கிறேன்.

---

ஓய்வுபெற்ற விலங்கியலார் – புதன், காலை 9.00

செவிலி அம்மையாருக்கு நன்றி, நான் அவசரப்பட்டுப் பொய் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் மன்னிக்க வேண்டும்.

மஞ்சூர் அம்மாவின் அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. கல்லூரி அலுவலகம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். ஆகவே ஒரு வழி. அலுவலக எழுத்தரிடம் கொடுக்காதே அம்மா. துறைத்தலைவரிடம் தனியாகப் போய், மூடிய உறையில் கொடு. கடிதத்தில் நோயின் பெயரைத் தலைப்பாக்காதே. "செப்டம்பர் முதல் மார்ச் வரை தொடர் சிகிச்சையில் இருந்தேன், முதலில் கொடுத்த சான்றிதழுக்குத் தொடர்ச்சியாக இதை இணைக்கிறேன்" என்று இரண்டு வாக்கியம் போதும். அவர் கையொப்பமிட்டுத் தேதி போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள். பழைய தேதி போடச் சொல்லாதே, யாராவது போட்டுத் தருகிறேன் என்றாலும் வாங்காதே. மதிப்பெண் இதனால் மாறாது. நாளை எம்.எஸ்சி.க்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டால், உன்னைப் பற்றி அவருக்கு எழுத ஒரு விஷயம் இருக்கும். இப்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம் வகுப்புக்கு வராத பெண் என்பதுதான்.

---

தேயிலைக்காட்டுப் பெண் – அடுத்த திங்கள், இரவு 8.25

செவிலி அக்கா, பாஸ் புத்தகத்தைப் பதிவு போட்டேன். அக்டோபரில் ஒரு மூவாயிரம், ஜனவரியில் ஒரு மூவாயிரம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருவதால், இதுவும் சேர்த்து வைத்துப் போட்ட பாக்கி என்று நினைத்து அப்பா உரம் வாங்கிவிட்டார். என் மாத்திரைக்கு அரசு கொடுத்த முட்டைக் காசு தேயிலைச் செடிக்குப் போயிருக்கிறது. அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மேட்டுப்பாளையம் போய் நி-க்ஷய் எண்ணும், சிகிச்சை முடிந்ததற்கான கடிதமும் வாங்கி வந்தேன். டாக்டர் பணம் வாங்கவில்லை.

இன்று துறைத்தலைவரைப் பார்த்தேன். உறையைப் பிரித்துப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூன்றாவது வளைவில் நானும் வாந்தி எடுப்பேன், ஜன்னல் ஓரம் உட்கார்" என்றார். நவம்பரில் மூன்று அரியருக்கும் கட்டணம் கட்டச் சொன்னார். மாமாவிடம் அரவங்காட்டு அண்ணன் சொன்ன மூன்று கேள்விகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்து ஐந்து நாள் ஆகிறது.

பள்ளிச் சான்றுக்கு நாளை போகிறேன். ஆறாம் வகுப்பு படித்த பள்ளி வேறு, அந்தத் தலைமையாசிரியர் வியாழன் மட்டும்தான் இருப்பாராம். கட்டபெட்டு அண்ணா, உங்களிடம் பழைய இயற்பியல் குறிப்புகள் இருந்தால் தருவீர்களா?

---

கட்டபெட்டு – அடுத்த திங்கள், இரவு 8.31

மூன்று முறை எழுதியவனிடம் மூன்று மூட்டை இருக்கிறது. எலி கடிக்காத மூட்டையாகப் பார்த்து, சனிக்கிழமை தேயிலை வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.